வாசகர் கேள்வி பதில்: பாஸ்போர்ட்டின் மதிப்பும் விசா இல்லாப் பயணமும்

கேள்வி: இந்திய பாஸ்போர்ட்டின் உலகத் தரவரிசை 2025 ஜனவரியில் 85, ஜூலையில் 77, அக்டோபரில் மறுபடியும் 85 என்று செய்திகளில் படித்தேன். ஓராண்டுக்குள் இப்படி ஏறி இறங்கும் அளவுக்கு என்ன நடந்தது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நீங்கள் படித்தது ஹென்லி நிறுவனம் வெளியிடும் பட்டியல். அதன்படி ஜூலையில் நாம் முன்கூட்டி விசா வாங்காமல் செல்லக்கூடிய இடங்கள் 59; அக்டோபரில் 57. பட்டியலின் நடுவிலும் கீழேயும் பல நாடுகள் ஒன்றிரண்டு புள்ளி இடைவெளியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால், இரண்டு இடங்கள் குறைந்ததற்கே எட்டுப் படிகள் இறங்க நேர்ந்தது. ஆகவே தரவரிசை எண்ணைவிட இடங்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதே சரி.

அந்த எண்ணிக்கை கணக்கிடப்படும் முறையையும் அறிந்துகொள்வது நல்லது. 199 பாஸ்போர்ட்டுகளை 227 இடங்களோடு ஒப்பிடுகிறார்கள். விசாவே கேட்காத நாட்டுக்கும், போய் இறங்கியபின் விமான நிலையத்தில் விசா தரும் நாட்டுக்கும் ஒரே மாதிரி ஒரு புள்ளி. புறப்படுமுன் அந்நாட்டு அரசின் ஒப்புதல் தேவைப்படும் இ-விசாவுக்குப் புள்ளி கிடையாது. வீட்டிலிருந்தபடியே இணையத்தில் இ-விசா வாங்கிக்கொண்டு நம்மவர்கள் ஏராளமாகச் சென்றுவரும் வியட்நாம், இந்தக் கணக்கில் நமக்குப் பூஜ்யம்தான்.

ஒரு பாஸ்போர்ட்டின் மதிப்பு உண்மையில் உயர்வதும் தாழ்வதும் அரசுகளுக்கிடையிலான உடன்பாடுகளால். ஐக்கிய அரபு அமீரகம் 2015 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்துடன் விசா விலக்கு ஒப்பந்தம் செய்துகொண்டதும், ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் அத்தனையும் ஒரே நாளில் அந்நாட்டுக் குடிமக்களுக்குத் திறந்தன. எதிர்த்திசையில் நமக்கு ஓர் அனுபவம் உண்டு. ஒன்றியத்தில் சேர விரும்பும் செர்பியா, அதன் விசாக் கொள்கையோடு ஒத்துப்போவதற்காக, இந்தியர்களுக்கு அளித்திருந்த சலுகையை 2023 ஜனவரி 1 முதல் விலக்கிக்கொண்டது. அதில் எந்த இந்தியப் பயணியின் பிழையும் இல்லை.

கேள்வி: டிப்ளமோ முடித்த என் மகனுக்கு பாங்காக்கில் கணினி வேலை, மாதம் எண்பதாயிரம் சம்பளம் என்று ஓர் ஏஜென்ட் சொல்கிறார். "தாய்லாந்துக்கு விசாவே தேவையில்லை, போனபிறகு வேலை அனுமதி வாங்கிக்கொள்ளலாம்" என்கிறார். நம்பி அனுப்பலாமா?
– வாசகி, சிவகங்கை

பதில்: தயவுசெய்து அனுப்பாதீர்கள், அம்மா. 2024 ஜூலையில் தாய்லாந்து இந்தியர்களுக்கு 60 நாள் விசா விலக்கு அளித்தது சுற்றிப்பார்க்க வருகிறவர்களை மனத்தில் வைத்து; சம்பள வேலைக்குச் செல்பவர் அதற்குரிய விசாவைப் புறப்படுமுன்பே பெற்றிருக்க வேண்டும். சுற்றுலாப் பயணியாகச் சென்று வேலை பார்ப்பவர் அந்நாட்டுச் சட்டப்படி குற்றவாளியாகிவிடுகிறார். ஏமாற்றப்பட்டால் காவல் நிலையத்துக்குப் போகவும் அஞ்சுவார். மோசடிக்காரர்கள் நம்பியிருப்பது அந்த அச்சத்தைத்தான்.

இப்படி பாங்காக்கில் இறங்கிய இளைஞர்கள் பலர் சாலை வழியாக மேசோட் என்ற எல்லை ஊருக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கிருந்து ஆற்றைக் கடந்து மியான்மரின் மியாவாடிப் பகுதியில் உள்ள இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். 2025 மார்ச்சில் இரண்டே நாட்களில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள் மீட்டு வந்தன. ஈரானிலும் இதே கதைதான்: வேலை ஆசை காட்டி அழைத்துச் செல்லப்பட்டவர்கள் பணத்துக்காகக் கடத்தப்பட்டதை அடுத்து, அந்நாடு இந்தியர்களுக்கான விசா விலக்கை 2025 நவம்பர் 22 முதல் நிறுத்திவைத்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேலைக்காகப் புறப்படுமுன் நம் அரசு ஒப்பந்தத்தைச் சோதித்துத் தரும் குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளின் பட்டியலில் தாய்லாந்து இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனை பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதவர்கள் போன்ற சிலருக்கே உரியது. டிப்ளமோ முடித்த உங்கள் மகனின் வேலை ஒப்பந்தத்தை எந்த அதிகாரியும் படித்துப் பார்க்கப்போவதில்லை. அந்தச் சோதனையை நீங்களேதான் செய்தாக வேண்டும். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏஜென்ட்டின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே. அதற்குமேல் கேட்டால் அதுவே எச்சரிக்கை. மகன் வெளிநாட்டில்தான் வேலை பார்க்க வேண்டும் என்று விரும்பினால், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். சில மாதங்கள் தாமதமாகலாம். ஆனாலும் அந்த வழியே போகட்டும்.

கேள்வி: 68 வயதான அப்பாவையும் 62 வயதான அம்மாவையும் நேபாளத்தின் முக்திநாத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். இருவரிடமும் பாஸ்போர்ட் இல்லை.
– வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: தாராளமாக அழைத்துச் செல்லலாம். நேபாளத்துக்கு இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் இல்லாதவர்கள் வாக்காளர் அடையாள அட்டையைக் காட்டினால் போதும். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் ஆதார் அட்டை ஏற்கப்படும். எனவே அப்பாவுக்கு ஆதார் போதுமானது; அம்மாவுக்குப் போதாது. அவருடைய வாக்காளர் அட்டையின் அசலை மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.