சன்ஸ்கிரீன் இருக்கட்டும், முதலில் சின்னவளைக் காட்டுங்கள்

அம்மா, நீங்கள் எழுதியதில் முக்கால்வாசி பெரியவனுக்கு அடித்த சன்ஸ்கிரீனைப் பற்றியும், அதற்குப் பதிலாக வீட்டில் கலக்கிய எண்ணெயைப் பற்றியும்தான். ஆனால் கடிதத்தின் அடியில், பெயருக்கு மேலே, போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். ஒன்றரை வயதுப் பெண்ணுக்கு மூக்கிலும் கன்னத்திலும் கடுகு தூவினதுபோலப் புள்ளிகள். வெயிலில் தூக்கிப்போனால் கண்ணைத் திறக்காமல் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுகிறாள். ‘அவளுக்கும் இதே எண்ணெயைத் தடவலாமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

தடவ வேண்டாம். பெரியவனை அப்புறம் பார்ப்போம், அவனுக்கு ஒன்றுமில்லை.

நாளைக்கு அவளைக் குளிப்பாட்டித் துவட்டியதும் ஜன்னல் வெளிச்சத்தில் துணியில்லாமல் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். மூக்கு, கன்னம், உதடு, காதுமடல், கழுத்து, புறங்கை. இங்கெல்லாம் புள்ளி இருந்து, வயிறும் ஜட்டி மறைக்கிற இடமும் ஒரு புள்ளிகூட இல்லாமல் சுத்தமாக இருந்தால், அவற்றைப் போடுவது வெயில்தான். அடுத்து, காதுகுத்துக்கு எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். அப்போது தெளிவாக இருந்த முகத்தில் இந்தக் கோடைக்குப் பிறகு புள்ளி வந்து, மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போகிறதா? நம் நிறத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு வயதுக்குள் முகத்தில் வெயில் புள்ளி வருவது வழக்கமே இல்லை. ‘எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மச்சம் உண்டு, அதிர்ஷ்டம்’ என்று மாமியார் சொல்கிறார் என்றால், எந்த வயதில் வந்தது என்று அவரையே கேளுங்கள். பத்து வயதுக்கு மேல் வந்த மச்சமும் இதுவும் ஒன்றல்ல.

இன்னொரு கேள்வி, கடிதத்தில் நீங்கள் சொல்லாதது. நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் சொந்தமா? தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டியிருந்தால் அதை மருத்துவரிடம் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுங்கள். குற்றம் கண்டுபிடிக்கக் கேட்கவில்லை. கடலூர், விழுப்புரம் பக்கம் இது சகஜம்தான். ஆனால் நான் சந்தேகப்படுகிற நோய்க்கும் சொந்தத்தில் கல்யாணத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

அதன் பெயர் ஸீரோடெர்மா பிக்மென்டோசம். வெயிலின் புற ஊதாக் கதிர் தோல் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகிறது. உங்களுக்கும் எனக்கும் தினமும் அது நடக்கிறது. உடம்பு உடனே அந்த இடத்தை வெட்டியெடுத்துச் சரிசெய்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. இந்தப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே அந்த ரிப்பேர் வேலை நடப்பதில்லை. விஞ்ஞானி ஜேம்ஸ் கிளீவர் 1968-இல் இதைக் கண்டுபிடித்தார். அப்பா, அம்மா இருவரிடமும் பழுதான மரபணு ஒவ்வொன்று இருந்து, இரண்டும் ஒரே பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் நோய். பெற்றவர்கள் இருவரும் நன்றாகவே இருப்பார்கள், அண்ணனும் நன்றாக இருக்கலாம். ஒவ்வொரு பிரசவத்திலும் வாய்ப்பு நாலில் ஒன்று. கவனிக்காமல் விட்டால் பத்து வயதுக்குள்ளேயே தோலில் புற்றுநோய் வந்துவிடும், கண்ணும் கெடும். சீக்கிரம் கண்டுபிடித்து, பகல் வெளிச்சத்திலிருந்து கறாராகக் காப்பாற்றினால் அதில் பெரும்பகுதியைத் தடுக்கலாம். பள்ளியில் சேர்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடக் கூடாது என்பது இதனால்தான்.

‘வெயிலில் போனாலும் தோல் சிவக்கவில்லை, கொப்புளம் வரவில்லை, அப்படியென்றால் இது இல்லைதானே?’ என்று நீங்கள் தேடிப் படித்துவிட்டுக் கேட்பீர்கள், தெரியும். இல்லை. இந்த நோய் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சிவப்பதே கிடையாது. புள்ளி மட்டும்தான் வரும். அவர்களைத்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள்.

பயமுறுத்தவில்லை. இது அபூர்வமான நோய். ஜப்பானில் சுமார் 22,000 பேரில் ஒருவருக்கு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 10 லட்சத்தில் ஒருவருக்கு என்று கணக்கு. உங்கள் பெண்ணுக்கு இதுவாக இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் அப்போதும் வெளிச்சத்தில் கண் கூசி நீர் வடிகிற ஒன்றரை வயதுக் குழந்தையைச் சும்மா விட முடியாது. பிறவியிலேயே கண்ணில் அழுத்தம் கூடியிருந்தாலும் இப்படித்தான் கூசும், நீர் வடியும், கருவிழி பெரிதாகத் தெரியும். ‘எவ்வளவு அழகான பெரிய கண்’ என்று பார்க்கிறவர்கள் கொஞ்சிக்கொண்டிருப்பார்கள், உள்ளே நரம்பு போய்க்கொண்டிருக்கும். ஆகவே தோல் மருத்துவர், கண் மருத்துவர் இருவரும் பார்க்க வேண்டும், இந்த வாரமே. கடலூரிலேயே காட்டலாம். மரபணுப் பரிசோதனை வரை போக வேண்டியிருந்தால், தோல், குழந்தை நலம், கண் மூன்று பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கிற புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனை உங்களுக்கு வசதி. பஸ்ஸில் போவதானால் விடியற்காலையில் கிளம்புங்கள், தலைக்கும் கைக்கும் துணி போட்டு மூடி, ஜன்னலோர இருக்கை இல்லாமல். புற ஊதாக் கதிரில் யு.வி.பி. என்கிற வகையைக் கண்ணாடி பெரும்பாலும் மறைக்கும், யு.வி.ஏ. வகையை முழுதாக மறைக்காது. மருத்துவர் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லும்வரை பகலில் அவளை வாசலில் விளையாட விடவேண்டாம்.

அந்த மெடிக்கல் ஷாப் களிம்பு. ‘புள்ளி மறையும்’ என்று சொல்லிக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள், பெயரை எழுதவில்லை. இந்த மாதிரி சொல்லி விற்கப்படும் டியூபுகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும், கூடவே நிறம் வெளுக்க ஹைட்ரோகுவினோனும் இருக்கும். ஒன்றரை வயதுக் குழந்தையின் முகத்தில்! 2018-இலேயே இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு விதியைத் திருத்திவிட்டது. யார் கேட்கிறார்கள்? இன்றே நிறுத்துங்கள், ஆனால் தூக்கி எறியாதீர்கள். டியூபை மருத்துவரிடம் காட்டி, எத்தனை நாள் தடவினீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். எலுமிச்சைச் சாறும் கூடாது. எலுமிச்சை பட்ட தோலில் வெயில் பட்டால் தீக்காயம் மாதிரி கொப்புளித்து, கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

சரி, பெரியவன்.

ஏழு வயதுப் பையன், ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச்சில் குளியல், சிங்கப்பூர் சித்தப்பா கொண்டுவந்த ஸ்ப்ரேயை இரண்டு கோடையாக அடித்திருக்கிறீர்கள். அதில் ஆக்ஸிபென்சோன் என்கிற, புற ஊதாக் கதிரை உறிஞ்சும் ரசாயனம் இருக்கிறது, அது ஹார்மோனைக் குலைக்கும் என்று வீடியோ பார்த்துவிட்டு ராத்தூக்கம் போய்விட்டது. ‘என் கையாலேயே விஷம் கொடுத்துவிட்டேனா’ என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டிருக்கிறீர்கள். உங்கள் நிஜமான கேள்வி அதுதான். பதில்: இல்லை, கொடுக்கவில்லை.

அந்த வீடியோவில் உண்மையும் இருக்கிறது. 2019-இலும் 2020-இலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. செய்த ஆய்வுகளில் ஆக்ஸிபென்சோன் உள்ளிட்ட சில ரசாயனங்கள் தோல் வழியாக ரத்தத்துக்குப் போவது தெரிந்தது. முதல் ஆய்வில் 24 பெரியவர்கள், உடம்பின் 75 சதவீதத்தில், நாளைக்கு 4 தடவை, 4 நாள் தடவிக்கொண்டார்கள். ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராமைத் தாண்டியது. அந்த 0.5 விஷத்தின் எல்லை இல்லை. அதற்கு மேல் போனால் மேற்கொண்டு பாதுகாப்புச் சோதனைகள் செய்ய வேண்டும் என்பதற்கான கோடு. ஆய்வு செய்தவர்களே ‘சன்ஸ்கிரீனை நிறுத்தாதீர்கள்’ என்றுதான் சொன்னார்கள். வீடியோக்காரர் அந்த வரிக்கு முன்பே நிறுத்திக்கொண்டிருப்பார். ஹார்மோன் கதையின் வேர், எலிகளுக்கு ஆக்ஸிபென்சோனை ஏராளமாகத் தீனியில் கலந்து கொடுத்த சோதனை. ஆக்ஸிபென்சோன் உள்ள சன்ஸ்கிரீனை விற்க ஹவாய்த் தீவு விதித்த தடையும் பவளப் பாறைகளைக் காப்பாற்றப் போட்டதுதான்.

அதற்காக அந்த ஸ்ப்ரேயைத் தேடி எடுத்து மறுபடி அடிக்கவும் சொல்லமாட்டேன். ஐரோப்பாவில் 2022-இல், உடம்பு முழுக்கத் தடவுகிற பொருள்களில் ஆக்ஸிபென்சோன் 2.2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று குறைத்துவிட்டார்கள். வேறு நல்ல பொருள் இருக்கும்போது பிள்ளைகளுக்கு அது எதற்கு? ஸ்ப்ரே என்பதும் எனக்குப் பிடிக்காது. கடற்காற்றில் பாதி பறந்துபோகும், மீதியில் கொஞ்சம் மூக்குக்குள் போகும். ஸிங்க் ஆக்ஸைடு அல்லது டைட்டானியம் டையாக்ஸைடு உள்ள கிரீம் வாங்குங்கள், வெயில் காப்பின் அளவைச் சொல்லும் எண்ணான எஸ்.பி.எஃப். 30 போதும். ஸிங்க் ஆக்ஸைடு ஒன்றும் புதுச் சரக்கு இல்லை, வேர்க்குருவுக்குப் போடுகிற காலமைனில் இருப்பதுதான். ‘நானோ’ துகள், அதாவது மிகமிகப் பொடியான துகள், உள்ளே போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். நல்ல தோலில் அது மேலே இருக்கிற செத்த அடுக்கோடு நின்றுவிடுகிறது. பொடியாக மூச்சில் போனால்தான் தொல்லை.

நீங்களோ அந்தப் பொடியையே ஆன்லைனில் வரவழைத்து அடுப்படியில் கலக்கிக்கொண்டிருக்கிறீர்கள். தேங்காய் எண்ணெய், கேரட் விதை எண்ணெய், மஞ்சள், ஸிங்க் பொடி. தேங்காய் எண்ணெயின் எஸ்.பி.எஃப். பரிசோதனைக் கூடத்தில் பார்த்தபோதே எட்டைத் தாண்டவில்லை. மஞ்சள் வெயிலைத் தடுக்காது. கையால் கலக்கிய ஸிங்க் பொடி கட்டிகட்டியாக நிற்கும், ஒரு இடத்தில் திட்டு, பக்கத்தில் வெறும் தோல். பார்க்க வெள்ளையாக இருப்பதால் காப்பு இருக்கிறது என்று நம்பி, பையனைக் கூடுதலாக ஒரு மணி நேரம் வெயிலில் விடுவீர்கள். கெடுதல் அங்கேதான். எண்ணெயைத் தலைக்குத் தேயுங்கள்.

இயற்கைப் பாதுகாப்பு வேண்டும் என்றால் இருக்கவே இருக்கிறது: நேரம், நிழல், துணி. அவன் நிழல் அவனைவிடக் குட்டையாக இருக்கிற நேரத்தில் மணலில் வேலையில்லை. சாயங்காலம் நாலரைக்கு மேல் போகட்டும். காற்று சிலுசிலுவென்று அடிப்பதால் வெயில் இல்லை என்று நினைக்க வேண்டாம். காற்று சூட்டைத்தான் குறைக்கும், கதிரைக் குறைக்காது. மேகமும் அதை முழுதாகப் பிடிக்காது. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்தில் காலையிலிருந்து நிற்கிற மாதிரி, தவிர்க்க முடியாத நாள்களில் முழுக்கைச் சட்டையும் அகலமான பனையோலைத் தொப்பியும் போடுங்கள். சட்டை அடர்நிறமாக, நெருக்கமாக நெய்ததாக இருக்கட்டும். நனைந்து உடம்போடு ஒட்டிய மெல்லிய வெள்ளை பனியன் போட்டும் போடாததுபோலத்தான். துணி மூடாத முகம், கழுத்து, கைக்கு மட்டும் கிரீம். பெரியவர்களின் முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒரு டீஸ்பூன் தேவை, அவனுக்கு அதில் முக்காலாவது வேண்டும். நம் வீடுகளில் டியூபின் விலையை நினைத்து விபூதி மாதிரி இட்டுக்கொள்கிறோம்; அப்படி இட்டால் அட்டையில் எந்த எண் போட்டிருந்தாலும் வராது. தண்ணீரிலிருந்து ஏறியதும் மறுபடி தடவுங்கள்.

‘கறுத்துப் போகிறானே?’ போகட்டும். அந்தக் கறுப்பு அவனுக்கு ஓரளவு காவல்.

ஹார்மோன் பரிசோதனை எதுவும் அவனுக்கு வேண்டாம். எழுதிக் கொடுக்கிற லேப் இருந்தாலும் எடுக்காதீர்கள். வைட்டமின் டி குறைந்துவிடுமா என்று கேட்டதற்கு: ஓடியாடுகிற பையனுக்கு, கிரீம் தடவுவதால் நடைமுறையில் அது குறைவதில்லை. சின்னவளை வெளிச்சம் படாமல் வைத்திருக்கச் சொன்னால் மட்டும் அவளுக்குச் சொட்டு மருந்து தருவார்கள். அளவை அவர்கள் எழுதட்டும், நீங்களாகக் கடையில் கேட்டு வாங்கி ஊற்ற வேண்டாம். வைட்டமின் டி அளவு மீறினால் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.