அந்த அம்மாவுக்கு ஏன் பதில் சொல்லவில்லை?

கேள்வி: கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கிறேன். வயது 46. எங்கள் சமூக நிலையத்தில் யுகுலேலே (நாலு தந்தியுள்ள, சிறிய கித்தார் போன்ற வாத்தியம்) பழகிய எட்டுப் பேர் சேர்ந்து, நத்தார் விடுமுறையில் முதியோர் இல்லங்களுக்குப் போய் வாசிக்கிறோம். ஒரே நாளில் மூன்று இல்லங்கள். இது மூன்றாவது வருடம். இந்த முறை மனம் விட்டுப்போய்விட்டது. பாதிப் பேர் தூங்குகிறார்கள். ஒரு வெள்ளைக்கார ஐயா "போதும், நிறுத்து" என்று கத்துகிறார். கை தட்டக்கூட ஆளில்லை. ஒரு இல்லத்தில் தமிழ் அம்மா ஒருவர் இருக்கிறார். மறதிக்காரர் போல, வருடா வருடம் என் கையைப் பிடித்து "பிள்ளை, நீ ஆற்றை மகள்?" என்று அதையே கேட்பார். அடுத்த இடத்துக்கு நேரமாகிவிடும் என்பதால் சிரித்துவிட்டு வந்துவிடுவேன். வீட்டில் மாமி, "வீட்டில இருக்கிற கிழவிக்கு வாசிக்க நேரமில்லை, ஊருக்கு வாசிக்கப் போறாய்" என்று குத்திக் காட்டுகிறா. கணவரும் விடுமுறையில் பிள்ளைகளோடு நிற்கச் சொல்கிறார். இதை விட்டுவிடலாமா?

பதில்:

அன்பான தங்கைக்கு,

டிசம்பர் முடிகிற நேரத்தில் இதே கடிதம் எனக்கு வந்துவிடும். வாத்தியம் மாறும், நாடு மாறும், மனத்தாங்கல் ஒன்றுதான். "உங்கள் சேவை வீண்போகாது" என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப்போவதில்லை. தூங்கியவர்களையும் கத்தியவரையும் கைதட்டையும் பற்றி முறையிட்டிருக்கிறீர்கள். நடுவில் போகிற போக்கில் அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னீர்களே, அதைப் படித்த பிறகு எனக்கு மற்றதில் மனம் போகவில்லை.

மூன்று வருடமாக ஒரு வயதான பெண் உங்கள் கையைப் பிடித்து நீ யாருடைய மகள் என்று கேட்கிறார். மூன்று வருடமும் நீங்கள் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் வந்துவிட்டு, அவருக்கு மறதி என்று எனக்கு எழுதுகிறீர்கள். பதில் கிடைக்காத கேள்வியை யாராக இருந்தாலும் திரும்பக் கேட்கத்தானே செய்வார்கள்? மறந்தது அவரா, நீங்களா?

யாழ்ப்பாணத்தில் பெரியவர்கள் புது முகத்தைக் கண்டால் எந்த ஊர், ஆற்றை பிள்ளை என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் கதை தொடங்கும். உங்கள் அப்பாவோடு படித்த யாரோ ஒருவர் வருவார், அம்மாவின் ஊரில் நடந்த ஒரு கலியாணம் வரும். கோயில் திருவிழா, கிணற்றடி, இடம்பெயர்ந்த வருடம் என்று அது பாட்டுக்குப் போகும். அந்த இல்லத்தில் அவரோடு அப்படிக் கதைக்க எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? குளிக்க வைப்பவர், மாத்திரை கொடுப்பவர், சாப்பாட்டுத் தட்டு கொண்டுவருபவர் எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கட்டும். அவர்களிடம் அவர் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. உங்கள் முகத்தைப் பார்த்து, கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

உண்மையிலேயே அவருக்கு மறதி நோய் இருந்தால், நீங்கள் நின்றிருக்க வேண்டியதற்கு அது இன்னும் பெரிய காரணம். அந்த நோயில் பலருக்குப் பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் கழன்றுபோகும். தாய்மொழி கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். இளவயதில் கேட்ட பாட்டும் அப்படித்தான், காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது நினைவில்லாதவர்கூட பழைய பாட்டின் அடுத்த அடியைத் தானாக எடுப்பார். அவருக்கு இப்போது 85 வயது என்று வையுங்கள். அவர் குமரியாக இருந்த நாட்களில் இலங்கை வானொலியில் தமிழ்ச் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் தேவாரம் பாடியிருப்பார், அல்லது கோவிற்பற்றில் கீதம் பாடியிருப்பார். நீங்கள் எட்டுப் பேரும் போய் பனியையும் மணியையும் பற்றி ஆங்கிலத்தில் பாடிவிட்டு வருகிறீர்கள்.

யுகுலேலே ஆங்கிலப் பாட்டுக்கான வாத்தியம் என்று சொல்லிவிடாதீர்கள். 1879இல் மடெய்ராத் தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக ஹவாய்க்குக் கப்பலேறிய போர்த்துக்கேயர் கையோடு கொண்டுபோன சிறு வாத்தியத்திலிருந்துதான் அது உருவானது. ஊரை விட்டுப் போனவர்களின் வாத்தியம் அது, அந்த அம்மாவின் மடிக்கும் பொருந்தும். பல சுரங்களைச் சேர்த்து அடிக்கிற கோர்டு எல்லாம் தேவையில்லை. நான்காம் தந்தியை அழுத்தாமல் விட்டு, மூன்றாம் தந்தியை இரண்டாம் கட்டத்தில் அழுத்துங்கள். ஐந்து கட்டைச் சுருதிக்கு, அதாவது ஜி-க்கு, ச-வும் ப-வும் கிடைத்துவிடும். அந்த இரண்டு தந்தியையும் மெல்ல மீட்டிக்கொண்டிருந்தால் அதுவே சுருதிப்பெட்டி. வயதானவரின் குரல் அதைவிட இறங்கித்தான் இருக்கும், அவர் எந்த இடத்தில் எடுக்கிறாரோ அங்கே நீங்கள் போங்கள். சங்கராபரண ராகத்தில் அமைந்த மெட்டாக இருந்தால் உங்களுக்குத் தெரிந்த சி, எஃப், ஜி மூன்று கோர்டுகளே பெரும்பாலும் போதும். சுரத்தை அசைத்து இழைக்கிற கமகம் மட்டும் அந்தக் கட்டங்களில் சரியாக வராது. அதைப் பாடுகிறவர் பார்த்துக்கொள்வார்.

தூங்குகிறவர்களைப் பற்றி. மதியச் சாப்பாடு முடிந்து மாத்திரையும் போட்டவர்களைச் சக்கர நாற்காலியில் அரைவட்டமாக நிறுத்தினால் தூங்கத்தான் செய்வார்கள். மூட்டு வீங்கிய கை தட்டாது, கால் விரல் அசைகிறதா என்று பாருங்கள். கத்துகிற ஐயாவுக்குக் காதுக் கருவி இருக்கிறதா என்று கவனித்தீர்களா? எட்டு யுகுலேலே ஒன்றாக அடிக்கிற சத்தத்தை அந்தக் கருவி இரைச்சலாக்கித்தான் காதுக்குள் தள்ளும். அவர் "போதும்" என்று சொன்னால் உண்மையிலேயே போதும் என்று அர்த்தம். பாதிப் பேர் வாசியுங்கள், மெதுவாக வாசியுங்கள், சுருதியையும் இறக்குங்கள். வயதானால் மேல் சுருதி ஒலிகள்தான் முதலில் காதுக்கு எட்டாமல் போகும்.

ஆனால் ஒரே நாளில் மூன்று இல்லங்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல விடாமல் உங்களை இழுத்துக்கொண்டு போனது இந்தக் கணக்குத்தான். மூன்று இடத்துக்குப் போனோம் என்று சொல்லிக்கொள்வதில் யாருக்கு என்ன லாபம்? அடுத்த வருடம் குழுவோடு ஒரு இல்லத்துக்கு மட்டும் போங்கள். நாற்பது நிமிடம் வாசித்து, வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்களின் கண்மட்டத்தில் உட்காருங்கள். அவர்களுக்கு வேண்டியது பாட்டுக்குப் பிறகு வருகிற அந்த நேரம்தான்.

பெற்றோரை இல்லத்தில் விட்டவர்களைச் சபிக்கிற ஆள் நான் இல்லை. தூக்கி இருத்த இரண்டு பேர் வேண்டிய ஒரு அம்மாவை, இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் வைத்துப் பார்ப்பது லேசான காரியமில்லை. தமிழ் கதைக்கிற இடம் கிடைக்கக் காத்திருப்பதும் லேசில்லை. ஆனால் மாதக் கட்டணத்தோடு கடமை முடிந்தது என்று நினைக்கிற பிள்ளைகள்மேல் எனக்கு இரக்கம் கிடையாது. வருடத்துக்கு ஒரு நாள் போய், கையைப் பிடித்தவரிடமிருந்து கையை உருவிக்கொண்டு வருகிற விருந்தாளிமேலும் கிடையாது.

இனி உங்கள் மாமி. அவ சொன்னதைக் குத்தல் என்று எடுத்துக்கொண்டீர்கள். வீட்டிலும் ஒரு வயதான பெண் உங்களைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறார் என்றுதான் எனக்குக் கேட்கிறது. மூன்று வருடத்தில் ஒரு நாளாவது மாமியின் முன்னால் உட்கார்ந்து வாசித்தீர்களா? கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

மாமியைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஊர்க் கேள்விக்கு உங்களைவிட நன்றாகப் பதில் சொல்ல அவவால் முடியும். உங்களுக்குத் தெரியாத வீட்டுப் பெயரும் முன்தலைமுறையும் அவவுக்குத் தெரியும். "வாறீங்களா" என்று கேட்டால் வரமாட்டா. "நீங்கள் வந்தால்தான் அந்த அம்மாவோடு கதைக்கலாம்" என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போங்கள், கணவரின் குறையும் தீர்ந்துவிடும். போகிற அன்று அந்த அம்மா உங்களை வேறு யாரோ ஒருத்தியின் மகள் என்று பிடித்துக்கொண்டால் திருத்தப் போகாதீர்கள். "உன் அம்மா எப்படி இருக்கிறா" என்று கேட்டால், நல்ல சுகம் என்று சொல்லுங்கள்.

இல்லத்தில் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளைப் பார்க்கிற பொறுப்பாளருக்கு இந்த வாரமே போன் எடுங்கள். பொங்கலுக்கு முன்பாக, வார நாளில் ஒரு பின்னேரம், குழு இல்லாமல், அந்த அம்மாவைப் பார்க்க மட்டும் வருகிறோம் என்று கேளுங்கள். அவருடைய பிள்ளைகளிடம் இல்லத்தார் அனுமதி கேட்கட்டும். குளிர்காலத்தில் சளிக்காய்ச்சல் பரவினால் மாடியையே மூடிவிடுவார்கள், அதனால் புறப்படும் அன்று காலையும் ஒருமுறை எடுத்துக் கேளுங்கள். வீட்டில் யாருக்காவது இருமல் என்றால் நாளை மாற்றிவிடுங்கள். வாத்தியத்தைக் காரில் போட்டு வைக்காதீர்கள், குளிரில் கிடந்து உள்ளே வந்ததும் தந்தி சுருதி விட்டுவிடும். வாசலில் பனி உறைந்திருக்கும், மாமிக்கு வழுக்காத சப்பாத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.