யாழ்ப்பாணத்து நாய்க்குக் கனடாவின் பனிக்காலச் சப்பாத்தை எப்படிப் பழக்குவது?

கேள்வியின் சுருக்கம் இதுதான்: கார்த்திகையில் குடும்பத்தோடு கனடாவுக்குப் போகிறீர்கள், மூன்று வயது ஊர் நாயும் கூடவே வருகிறது. அங்குள்ள உறவினர் நாய்ச் சப்பாத்து நான்கு வாங்கி அனுப்பியிருக்கிறார். மாட்டியதும் நாய் காலை உதறுகிறது, கடித்துக் கழற்றுகிறது, அல்லது அசையாமல் நின்றுவிடுகிறது. பழகுமா, காசு வீணா என்று கேட்கிறீர்கள்.

பழகும். முதலில் அந்தச் சப்பாத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். நாய்க்குச் சப்பாத்தின் மேல் பெரிய கோபம் எதுவும் இல்லை. தன் பாதத்தை இன்னொருவர் பிடிப்பதுதான் அதற்குப் பிடிக்கவில்லை. நம் வளவுகளில் வளரும் நாய்களின் தலையைத் தடவுகிறோம், முதுகைச் சொறிந்துவிடுகிறோம். பாதத்தைத் தொடுவது நெருஞ்சி முள் எடுக்கவும் விரலிடுக்கில் உண்ணி பிடுங்கவும் மட்டுமே. ஆகையால் கை கீழே இறங்கினாலே அடுத்தது வலிதான் என்று அது முடிவு கட்டிவிடுகிறது. கோண்டாவிலில் எங்கள் வீட்டிலிருந்து அக்காவோடு ஸ்காபரோவுக்குப் போன ஜிம்மியும் அப்படித்தான் இருந்தது. அதைப் பழக்கியது நான் என்பதால் இவ்வளவு உறுதியாக எழுதுகிறேன்.

எதற்காக இந்தப் பாடு என்பதை வீட்டிலுள்ள எல்லோரும் விளங்கிக்கொள்வது நல்லது. சப்பாத்தின் முதல் வேலை குளிரைத் தடுப்பது அன்று. நாயின் பாதத்தில் கொழுப்பு நிறைந்த மெத்தை இருக்கிறது. அதற்குள் நாடியும் நாளமும் ஒட்டி ஓடுவதால், கீழே இறங்கும் சூடான இரத்தம் மேலே திரும்பும் குளிர்ந்த இரத்தத்துக்கு வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011 இல் இதை விளக்கியிருக்கிறார்கள். ஆகவே சாதாரணக் குளிரைப் பாதம் ஓரளவு தாங்கும். தாங்க முடியாதது உப்பு. பனிக்கட்டியை உருக்குவதற்கு நடைபாதையெங்கும் கொட்டுகிறார்கள். பெரும்பாலும் சோடியம் குளோரைட்டு, கடும் குளிரில் கல்சியம் குளோரைட்டும் சேரும். கல்சியம் குளோரைட்டு, நீரில் கரையும்போது வெப்பத்தை வெளிவிடும் பொருள். வெடிப்புள்ள பாதத்தில் பட்டால் எப்படி எரியும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் நாய் காலை நக்கும். உப்பு வயிற்றுக்குள் போய் வாந்தி எடுக்கும். இதைவிட, விரல்களுக்கு இடையில் பனி உருண்டு கட்டியாகி நடக்கவிடாமல் செய்வதும், உறைந்த தரையின் விளிம்பு வெட்டுவதும் இருக்கின்றன. பனிநாட்டிலேயே பிறந்த வண்டிநாய்களுக்கும் இதே தொல்லைதான். அலாஸ்காவில் 1973 முதல் நடக்கும் ஐடிடராட் என்ற நாய்வண்டி ஓட்டத்தில், ஓட்டுநர் ஒவ்வொரு நாய்க்கும் எட்டுத் துணிச் சப்பாத்துகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அடுத்த முறை மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து "நாய்க்கும் சப்பாத்தோ?" என்று கேட்பவருக்கு இதைச் சொல்லுங்கள்.

இனிப் பழக்கும் முறை. அவித்த கோழி ஈரலைச் சிறு துண்டுகளாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கருவாடு வேண்டாம், உப்புக்குப் பயந்துதான் இவ்வளவும் செய்கிறோம். நாய் சாவகாசமாகப் படுத்திருக்கும் நேரம் தோளிலிருந்து தடவிக்கொண்டே கையைக் கீழே கொண்டு போங்கள். முழங்காலில் தொட்டவுடன் ஒரு துண்டு ஈரல். பாதத்தைத் தொட்டவுடன் ஒரு துண்டு. தொட்ட பிறகுதான் ஈரல் வர வேண்டும். ஈரலைக் காட்டி ஏமாற்றிக் காலைப் பிடித்தால், பிறகு ஈரலைக் கண்டாலே எழுந்து போய்விடும். காலை இழுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள், திட்டாதீர்கள். அது விரும்பாத இடத்துக்குச் சற்று முன்னாலேயே நிறுத்தி, அங்கிருந்து மறுபடி வாருங்கள். பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி, விரல்களை விரித்துப் பார்க்கும் வரை இந்தக் கட்டத்தைத் தாண்ட வேண்டாம். எத்தனை நாள் என்று கேட்காதீர்கள். நாயைப் பொறுத்தது. அவசரப்படுகிறவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான், சப்பாத்தில் அன்று. நகத்தையும் இந்தச் சாக்கிலேயே வெட்டிவிடலாம். நீண்ட நகம் சப்பாத்தின் நுனியில் முட்டி வலிக்கும்.

அடுத்து, குழந்தைகளுக்குப் போடும் பழைய காலுறை ஒன்று. ஒரு முன்காலில் மட்டும் மாட்டுங்கள், ஈரல் கொடுங்கள், நாய் உதறத் தொடங்குமுன் நீங்களே கழற்றிவிடுங்கள். அது கழற்றினால் அதற்கு வெற்றி. நீங்கள் கழற்றினால் அது ஒன்றுமில்லாத விடயம். காலுறை நழுவுகிறது என்று இறப்பர் பட்டி போடுவதை மட்டும் செய்யாதீர்கள். இரத்த ஓட்டம் நின்றுபோகும், உரோமத்துக்குள் மறைந்த பட்டியை மறந்தும்போவோம்.

அலுமாரியைத் திறப்பது இதற்குப் பிறகுதான். முதலில் அளவு சரிதானா என்று பாருங்கள். நாயைத் தாளின் மேல் நிறுத்தி, மற்றக் காலை மெல்லத் தூக்கி, பாரம் விழுந்து விரிந்த பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, அகலமான இடத்தை அளக்க வேண்டும். படுத்திருக்கும்போது அளந்தால் சிறியதாக வரும். பெரும்பாலான நாய்களுக்கு முன்பாதம் பின்பாதத்தைவிடப் பெரியது, உடல் பாரத்தில் ஏறத்தாழ 60 வீதத்தை முன்கால்களே தாங்குகின்றன. நான்கும் ஒரே அளவில் வந்திருந்தால் பின்காலில் சுழலும். ஒட்டும் பட்டியை இறுக்கிய பின் ஒரு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். பட்டி மேலே இருக்கும் ஒற்றை விரல் நகத்தில் உரசக் கூடாது.

நான்கையும் மாட்டிய முதல் நாள் நாய் குதிரை போலக் காலைத் தூக்கித் தூக்கி வைக்கும். தரை கால் வழியாகச் சொல்லிக்கொண்டிருந்த செய்தி திடீரென நின்றுவிட்டதே, பாவம். அப்போது வீட்டுப் பிள்ளைகள் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்து சுற்றி நின்று சிரிப்பார்கள். துரத்திவிடுங்கள். நாயைப் பார்த்துக்கொண்டே நிற்காமல் உடனே நடத்துங்கள்: பந்தை உருட்டுங்கள், கேற்றைத் திறந்து ஒழுங்கைக்குக் கூட்டிப் போங்கள், அதற்கு வழமையாகப் பிடித்த மூலையில் மோப்பம் பிடிக்க விடுங்கள். கவனம் மூக்குக்குப் போனதும் கால் தானாக நடக்கும். ஜிம்மிக்கு அது ஒழுங்கை முகப்பிலிருந்த மாட்டுச் சாணம். எனக்குப் பெருமையில்லை, ஆனால் வேலை செய்தது.

இங்கே பழக்குவதில் இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று வெயில். நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தில்தான். அதை மூடி நம் வெயிலில் நடத்துவது கொடுமை. விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ, சில நிமிடங்கள் போதும். கழற்றியதும் விரலிடுக்கைத் துடைத்துக் காயவிடுங்கள். மற்றது நம் முற்றத்து மணல். உள்ளே புகுந்தால் சிவக்கச் சிவக்க உரசும், நாய் சப்பாத்தையே வெறுத்துவிடும். புல்லிலோ சீமெந்துத் தரையிலோ பழக்குங்கள். மாபிள் பதித்த விறாந்தை வழுக்கும், அதுவும் வேண்டாம்.

அங்கே போன பிறகு சப்பாத்து ஒன்றே போதும் என்று நினைக்காதீர்கள். நம் ஊர் நாய்க்கு உரோமம் குட்டை. கழித்தல் 15, 20 பாகைக் குளிரில் உடம்புக்குச் சட்டை கட்டாயம். நடை நடுவில் ஒரு காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் திரும்பிவிடுங்கள். எவ்வளவு பழக்கியும் மாட்ட விடாத நாய்களும் உண்டு. அவற்றோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. பாதத்தில் பூசும் மெழுகு அங்கே கடைகளில் கிடைக்கும். அதைப் பூசி, சிறிது தூரம் மட்டும் நடந்து, வந்தவுடன் வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்தால் உப்பின் கெடுதியில் பெரும்பகுதி போய்விடும். சப்பாத்துப் போட்ட நாய்க்கும் கழுவிவிடுவது நல்லது.

உறவினரிடம் இன்னும் இரண்டு சப்பாத்து, முன்காலுக்கு ஒன்று, பின்காலுக்கு ஒன்று, கூடுதலாக வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஆழமான பனியில் ஒன்று கழன்று புதைந்தால் பங்குனி வரை கண்ணில் படாது. மூன்று சப்பாத்தோடு நாயை உப்பில் நடத்தவும் முடியாது. அக்கா வீட்டில் இப்போது செம்மஞ்சள் நிறத்தில் மட்டும்தான் வாங்குகிறார்கள்.