டிஎன்ஏ-ல கரண்ட் ஓடுதான்னு ஆராய்ச்சி பண்ணப்போற பொண்ணுக்கு வேலை கிடைக்குமா?

அம்மா, உங்க மெசேஜ் படிச்சேன். பொண்ணு பிசிக்ஸ் மாஸ்டர்ஸ் முடிக்கப்போறா, டிஎன்ஏ வழியா எலக்ட்ரான் எப்படி போகுதுன்னு பிஎச்டி பண்ணணும்னு நிக்கிறா, இது பயாலஜியா பிசிக்ஸான்னே உங்களுக்குப் புரியல. பேர்ல டிஎன்ஏ இருந்தாலும் முக்காவாசி பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும்தான், அதனால லைன் மாறிப் போறான்னு பயப்படாதீங்க.

டிஎன்ஏ உள்ள பேஸ்னு சொல்ற தட்டையான மூலக்கூறுகள், அதாவது அதோட நாலு எழுத்துகள், 0.34 நானோமீட்டர் இடைவெளியில அடுக்கி வச்சிருக்கும். அந்த அடுக்கு வழியா சார்ஜ் போகலாம்னு ஈலி, ஸ்பைவின்னு ரெண்டு பேர் 1962லயே சொல்லிட்டாங்க. ஆனா அளந்து பாக்க ஆரம்பிச்சப்பதான் கூத்து, 1999ல இருந்து ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள ஒரு லேப் இது கண்டக்டர்னு சொல்லுது, இன்னொண்ணு செமிகண்டக்டர்ங்குது, வேறொண்ணு இன்சுலேட்டர்ங்குது, ஒரு குரூப் தடையே இல்லாம கரண்ட் ஓடற சூப்பர்கண்டக்டிவிட்டி வரைக்கும் போயிட்டாங்க! காஞ்ச டிஎன்ஏவா தண்ணியில இருக்கா, எதுமேல ஒட்டியிருக்கு, எலக்ட்ரோடு சரியா பிடிச்சிருக்கா, பேஸ் எழுத்துகளோட வரிசை என்ன, இதுல எது மாறினாலும் பதில் மாறிடும்.

உங்க பொண்ணுக்குப் பிடிச்ச இடம் இதுக்கும் உள்ள. தூரம் ரொம்பக் கம்மின்னா எலக்ட்ரான் நடுவுல எங்கயும் நிக்காம அலை மாதிரி ஒரே மூச்சுல கடந்துடும், அதைத்தான் கோஹெரன்ட்னு சொல்றாங்க, நீளம் கூடக்கூட இது மடமடன்னு விழுந்துடும். தூரம் அதிகம்னா சார்ஜ் குவானின்ங்கற பேஸ் விட்டு அடுத்த குவானின் தாவித்தாவிப் போகும், ஏன்னா நாலு பேஸ்ல எலக்ட்ரானை சுலபமா விட்டுக்கொடுக்குறது அதுதான். மூலக்கூறு மெத்துமெத்துன்னு ஆடிக்கிட்டே இருக்கறதால அந்த அலையோட ஒழுங்கு கலைஞ்சுபோகும். இது ரெண்டுக்கும் நடுவுல ஒரு நிலை இருக்குன்னு 2015ல நோங்ஜியான் தாவ்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு காட்டினாங்க, குவானின்களை அடுத்தடுத்து அடுக்கினா நீளத்தோட ரெசிஸ்டன்ஸ் நேரா ஏறாம ஏறி இறங்கி ஏறுதாம். எனக்கே படிக்கறப்போ ஆசையா இருந்துச்சு.

இப்போ வேலைக்கு வருவோம். டிஎன்ஏ வயர் செய்யற கம்பெனி எதுவும் வாசல்ல காத்துக்கிட்டு இல்ல, அப்படி யாராவது ஆசை காட்டினா நம்பாதீங்க. அவ கையில நிக்கப்போறது கத்துக்கிட்ட தொழில்தான். எக்ஸ்பெரிமென்ட் பக்கம் போனா தங்க ஊசிய ஆயிரக்கணக்கான தடவை தொட்டு இழுத்து நானோ ஆம்பியர் கரண்ட்டை நாய்ஸுக்கு, அதாவது தேவையில்லாத சிக்னலுக்கு, நடுவுல பிரிச்செடுக்கணும், இந்தக் கை பயோசென்சர், செமிகண்டக்டர், சோதனைக் கருவி செய்யற இடத்துல எல்லாம் வேணும். தியரி பக்கம்னா குவாண்டம் கணக்கு, மூலக்கூறு சிமுலேஷன், நிறைய பைத்தான் புரோகிராமிங். ஓஎல்இடி ஸ்கிரீன் உள்ளயும் சார்ஜ் இதே மாதிரி தாவித்தான் போகுது, அதனால ஆர்கானிக் எலக்ட்ரானிக்ஸ், அதாவது கார்பன் மூலக்கூறுகளை வச்சு செய்யற எலக்ட்ரானிக்ஸ் பக்கம் மாறுறது பெரிய தாவல் இல்ல. யுனிவர்சிட்டி வேலை மட்டும்தான் வேணும்னா போட்டி கடுமை, அதை இப்பவே வீட்ல பேசிடுங்க.

கைடு பேரை விட லேப்ல முன்னாடி முடிச்சவங்க இப்போ எங்க இருக்காங்கன்னு கேக்கச் சொல்லுங்க, நழுவுற பதில் வந்தா அந்த லேப் வேண்டாம். அப்ளை பண்றதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் ஏதாவது ஒரு லேப்ல சும்மா உக்காந்து பாக்கட்டும், பாதி நாள் நாய்ஸ் மட்டும்தான் வரும். அதுக்கப்புறமும் ராத்திரி சாப்பிடும்போது அந்த கிராஃபைப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தான்னா என்கிட்ட கூட்டிட்டு வாங்க, எக்ஸ்பெரிமென்ட்டா தியரியான்னு உக்காந்து பாப்போம்.