'கிளீன்' என்று போட்டிருக்கும் சன்ஸ்கிரீனை நம்பலாமா?

கேள்வி: எனக்கு 39 வயது, சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கிறேன். இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து இரு கன்னங்களிலும் மங்கு. சாதாரண சன்ஸ்கிரீன் ரத்தத்தில் கலந்துவிடும் என்று தோழி சொன்னதால், 'கிளீன் பியூட்டி, முழுக்க மினரல், ரசாயன ஃபில்டர் இல்லை' என்று போட்ட அமெரிக்கத் தயாரிப்பை இணையத்தில் 58 வெள்ளிக்கு வாங்கினேன். பூசினால் முகம் சாம்பல் பூத்தது போல இருப்பதால் கொஞ்சமாகத்தான் பூசுகிறேன். எக்ஸிமா உள்ள என் 8 வயது மகளுக்கும் இதையே பூசலாமா? சேர்மானப் பட்டியலைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு பெயராகப் படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'கிளீன்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் எந்த வரையறையும் இல்லை. எந்த நிறுவனமும் தன் விருப்பப்படி போட்டுக்கொள்ளலாம். அதனால் குப்பியின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பார்ப்போம்.

வெயிலைத் தடுக்கும் பொருளாக, அதாவது ஃபில்டராக, துத்தநாக ஆக்சைடு என்ற மினரல் 12 சதவீதம் என்று இருக்கிறது. ஆனால் எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) 50 என்கிறார்கள். இந்த அளவுத் துத்தநாகம் தனியாக 50 வரை போவது கடினம். விடை பட்டியலில் கீழே இருக்கிறது: பியூட்டைல்ஆக்டைல் சாலிசிலேட். ஃபில்டர் பட்டியலில் அதற்கு இடமில்லை, கரைப்பானாகவே சேர்க்கிறார்கள். ஆனால் அதன் அமைப்பு ஆக்டிசலேட் என்ற ரசாயன ஃபில்டருக்கு மிக நெருக்கமானது. அதுவும் புற ஊதாக் கதிரை உறிஞ்சி எஸ்பிஎஃப் அளவைத் தூக்கிவிடும். அது கெடுதலான பொருள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'ரசாயன ஃபில்டர் இல்லை' என்று நம்பி 58 வெள்ளி கொடுத்தவருக்கு இது பாதி உண்மைதான்.

துத்தநாகம் கண்ணாடி மாதிரி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது என்பதும் சரியல்ல. அதுவும் புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியை உறிஞ்சித்தான் தடுக்கிறது.

ரத்தத்தில் கலக்கும் என்று தோழி சொன்னதற்கு ஓர் அடிப்படை உண்டு. 2019லும் 2020லும் வெளியான அமெரிக்க ஆய்வுகளில், சில ரசாயன ஃபில்டர்கள் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராமுக்கு மேல் காணப்பட்டன. அது ஆபத்தின் அளவல்ல, அதைத் தாண்டினால் கூடுதல் பாதுகாப்புச் சோதனை வேண்டும் என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் வைத்திருக்கும் வரம்பு. சன்ஸ்கிரீனை நிறுத்த வேண்டாம் என்றும் அவர்களே சொன்னார்கள். உங்களுக்குப் பொருந்துகிற ரசாயன சன்ஸ்கிரீன் கிடைத்தால் பயமின்றிப் பூசுங்கள்.

'பாராபென் இல்லை' என்று பெரிதாகப் போட்டிருப்பதற்கும் மயங்க வேண்டாம். பாராபென் என்பது கிரீம் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பதப்பொருள். தோல் ஒவ்வாமையை ஆராயும் அமெரிக்க மருத்துவர் சங்கம் ஆண்டுதோறும் ஓர் ஒவ்வாமைப் பொருளை அறிவிக்கும். 2019ல் பாராபென்னை 'ஒவ்வாமை தராத பொருள்' என்றே அறிவித்தது. 2013ல் அதே சங்கம் சுட்டிக்காட்டியது மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற இன்னொரு பதப்பொருளை.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பவை பட்டியலின் கடைசியில் இருக்கும் லாவெண்டர் எண்ணெயும் ஆரஞ்சுத் தோல் எண்ணெயும்தான். இயற்கைதானே என்று தோன்றும். எக்ஸிமா உள்ள தோலில் இவை எரிச்சலையும் ஒவ்வாமையையும் கிளப்பலாம். மகளுக்கு இதைப் பூசாதீர்கள். மணமே சேர்க்காத துத்தநாக சன்ஸ்கிரீன் மருந்துக் கடைகளில் இதைவிடக் குறைந்த விலையில் கிடைக்கும். முதலில் முழங்கையின் உட்புறத்தில் சில நாள் பூசிப் பாருங்கள். நீச்சல் வகுப்புக்கு நீளக் கைச் சட்டை போட்டு அனுப்புங்கள், பூச வேண்டிய இடமே குறைந்துவிடும்.

இங்கே விற்கப்படும் அழகுப் பொருள்களைப் பற்றி நிறுவனங்கள் முன்கூட்டியே சுகாதார அறிவியல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆசியான் விதிகள் அனுமதித்த ஃபில்டர்களை, அனுமதித்த அளவுக்குள் மட்டுமே சேர்க்கலாம். அது தரச் சான்றிதழ் இல்லைதான், இருந்தாலும் ஒரு வேலி. வெளிநாட்டு இணையக் கடையிலிருந்து நேராக வரவழைத்தால் அந்த வேலியும் கிடையாது.

சரி, உங்கள் மங்குக்கு வருவோம். நம் மாநிறத் தோலில் மங்கைக் கறுக்கவைப்பது புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும்தான். வெள்ளைக் கிரீம் அதை அவ்வளவாகத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயமுள்ள சன்ஸ்கிரீன் தடுக்கும். அதை வாங்குங்கள், சாம்பல் பூத்த தோற்றமும் போய்விடும். இப்போது நீங்கள் கொஞ்சமாகப் பூசுவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு. பாதி அளவு பூசினால் குப்பியில் போட்ட 50 உங்கள் முகத்தில் இல்லவே இல்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். இங்கே நண்பகலையொட்டிப் புற ஊதாக் குறியீடு 11ஐத் தொடுவது சகஜம். தேசியச் சுற்றுப்புற வாரியம் அதை மணிக்கு மணி வெளியிடுகிறது. குடையைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய குப்பியை வீசவேண்டாம். முகம் எரியாவிட்டால், அரிக்காவிட்டால், உங்கள் கைகளுக்கும் கழுத்துக்கும் பூசித் தீர்த்துவிடுங்கள்.

மூன்று மாதத்தில் மங்கு மட்டுப்படாவிட்டால் பலதுறை மருந்தகத்துக்குப் போய்த் தோல் மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அதுவரை இணையத்தில் விற்கும் வெள்ளையாக்கும் கிரீம்கள் பக்கம் போகவே போகாதீர்கள். அப்படிப்பட்ட சிலவற்றில் பாதரசமும் ஸ்டீராய்டும் இருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் கண்டுபிடித்துப் பலமுறை எச்சரித்திருக்கிறது.