ஜெராக்ஸ் கடையில் பென்டிரைவைச் செருகலாமா? – வைரஸ் கேள்வி பதில்

தருமபுரியில் இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். இந்த முறை வைரஸ் பற்றிக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. போன் சூடாவது, வைஃபை வராதது எல்லாம் வைரஸ் கணக்கில் சேராது, விட்டுவிட்டேன்.

உலகத்தின் முதல் வைரஸ் பாகிஸ்தானில் எழுதியதாமே? (கல்லூரி மாணவர், பென்னாகரம்)

பாதி சரி தம்பி. ஐபிஎம் பிசிக்கு வந்த முதல் வைரஸ் அதுதான். பெயர் 'பிரெயின்', 1986, லாகூர். பாசித், அம்ஜத் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர். தங்கள் சாஃப்ட்வேரைத் திருட்டுக் காப்பி எடுப்பவர்களுக்காக எழுதினோம் என்றார்கள். கடை விலாசம், போன் நம்பர் எல்லாம் வைரஸுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள்!

ஃப்ளாப்பியை (பென்டிரைவுக்கு முந்தைய காலத்து வட்டு) போட்டு மெஷினை ஆன் செய்தால், மெஷின் முதலில் படிப்பது அதன் தொடக்கப் பகுதியான பூட் செக்டரை. பிரெயின் அங்கே உட்கார்ந்துகொண்டு, அசல் பூட் செக்டரை வேறிடத்துக்கு நகர்த்தி, அந்த இடம் கெட்டுப்போனது என்று குறித்துவிடும். யாராவது பூட் செக்டரை எட்டிப்பார்த்தால் அசலைக் காட்டும். அடுத்துப் போடும் ஃப்ளாப்பிக்கும் தொற்றிக்கொள்ளும்.

ஆனால் அதற்கு முன்பே, 1982-இல், ரிச் ஸ்க்ரென்டா என்ற 15 வயதுப் பையன் ஆப்பிள் 2 மெஷினுக்கு 'எல்க் குளோனர்' எழுதிவிட்டான். 50-வது முறை பூட் செய்யும்போது திரையில் ஒரு கவிதை வரும், அவ்வளவுதான். 1971-இல் 'க்ரீப்பர்' என்ற புரோகிராம் இருந்தது, ஆனால் அது இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்பாநெட்டில் நடந்த சோதனை. அதை வைரஸ் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என் கடையில் இன்னும் ஒரு பெட்டி ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பி இருக்கிறது. ஓரத்தில் சின்ன வெட்டு இருக்கும். அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் எந்த வைரஸாலும் எழுத முடியாது. ஒரு துண்டு ஸ்டிக்கர்! இன்றைய பென்டிரைவ்களில் பெரும்பாலும் அப்படி ஒன்று கிடையாது. இதை மறக்காதீர்கள், திரும்ப வருவேன்.

போனில் '13 வைரஸ்கள் உள்ளன' என்று வருகிறது, அழுத்தலாமா? (காரிமங்கலம்)

கூடாதம்மா. அது விளம்பரம். மூடிவிடுங்கள்.

காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா? (மூன்று பேர்)

வீட்டு உபயோகத்துக்கு விண்டோஸில் இருக்கும் டிஃபெண்டர் போதும். அப்டேட்டை மட்டும் நிறுத்தாதீர்கள்.

பென்டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது. வினாத்தாள்கள் போய்விட்டனவா? (ஆசிரியர், பாலக்கோடு)

போகவில்லை சார். ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைத்திருக்கிறது. அதைச் சொடுக்கினால் முதலில் வைரஸ் ஓடும், பிறகு உங்கள் ஃபோல்டரும் திறக்கும். அதனால் சந்தேகமே வராது. முன்பெல்லாம் இவ்வளவு வேஷம் தேவைப்படவில்லை. பென்டிரைவைச் செருகினாலே விண்டோஸின் ஆட்டோரன் வசதி வைரஸை ஓட்டிவிடும். 2008-இல் கிளம்பிய 'கான்ஃபிக்கர்' வைரஸ் பின்னால் அப்படியும் பரவியது. 2011-இல் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களிலும் ஆட்டோரன் வழியை அடைத்தது. தானாக ஓட வழியில்லை என்றானதும், இது உங்கள் கையாலேயே சொடுக்க வைக்கிறது.

ஷார்ட்கட்டைத் தொடாதீர்கள். மறைந்த ஃபைல்களையும், சிஸ்டம் ஃபைல்களையும் காட்டும்படி விண்டோஸில் மாற்றினால் உங்கள் ஃபோல்டர் மங்கலாகத் தெரியும். நல்ல மெஷினில் காப்பி எடுத்துவிட்டு பென்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். எங்கே பிடித்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. ஜெராக்ஸ் கடைதான்.

எங்களைப் பழிப்பது நியாயமா? நீங்கள் எல்லாரும் கொண்டுவந்து கொட்டுவதுதானே? (ஜெராக்ஸ் கடைக்காரர், அரூர்)

நியாயமில்லைதான். ஆனால் ஊருக்கே ஒரு வாளி என்றால் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கும் அண்ணே?

வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்றால், 'என் ஆதார் உங்கள் போனிலேயே இருக்கும்' என்று சண்டைக்கு வருகிறார்கள். மெயில் என்றால் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்கிறார்கள். நான் என்ன செய்ய? (அவரே)

இதற்கு என்னிடம் பதில் இல்லை, தோற்றேன். உண்மையைச் சொன்னால், ஒரு வாடிக்கையாளர் மெஷினைச் சரிபார்த்த பென்டிரைவை (ஸ்டிக்கர் ஒட்டித் தடுக்க வழியில்லாததுதான்!) அப்படியே கொண்டுவந்து என் பில்லிங் கம்ப்யூட்டரில் செருகி, இரண்டு நாள் நோட்டில் பில் எழுதியவன் நான். பிரிண்ட் எடுக்க மட்டும் ஒரு பழைய மெஷினில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு வையுங்கள். ஷார்ட்கட் வைரஸ் அங்கே ஓடாது.

ஆன்டிவைரஸ் காசு கொடுத்து... (ஊத்தங்கரை)

மேலே பாருங்கள்.

மெயிலில் வரும் ஃபைலை எப்படி நம்புவது? (ஓசூர்)

எக்ஸ்டென்ஷனை, அதாவது ஃபைல் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளைப் பாருங்கள். 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸின் காதல் கடிதம் டெக்ஸ்ட் ஃபைல் போலத் தெரிந்தது. உண்மையில் அது விபிஎஸ் ஸ்கிரிப்ட், சொடுக்கினால் ஓடும் புரோகிராம். கடைசி எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் மறைத்ததால் வந்த வினை. இன்றும் மறைத்துத்தான் வைத்திருக்கிறது, அமைப்பில் போய் மாற்றுங்கள்.

எதையும் சொடுக்காமலே வைரஸ் வருமா? எங்களிடம் இன்னும் விண்டோஸ் 7 மெஷின் இருக்கிறது. (மாங்கூழ் ஆலைக் கணக்காளர், கிருஷ்ணகிரி)

வரும். அதற்குப் பெயர் வார்ம். 2017 மே 12 அன்று, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட 'வானாக்ரை' அப்படித்தான் பரவியது. மாட்டியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டது, போடாதவர்கள் சிக்கினார்கள். சீசன் தொடங்கும் முன் அந்த மெஷினை நெட்வொர்க்கிலிருந்து கழற்றுங்கள்.

லினக்ஸ் போட ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? (அரூர் ஜெராக்ஸ் கடைக்காரர்)

வாங்க அண்ணே. சிபியு மட்டும் போதும், மானிட்டர் வேண்டாம். பேக்கப் எடுத்திருக்கிறேன் என்று பென்டிரைவோடு மட்டும் வந்துவிடாதீர்கள்.