மதுரைப் பக்கத்துத் தீர்ப்பு: ராமநாதபுரம் தத்து வழக்கு

சட்டக் கல்லூரிப் பேச்சுக்கு, நீதிபதிகள் சட்டத்தை மாற்றியதற்கு மதுரை உதாரணம் கேட்டிருந்தீர்கள். கண்ணகி, பாண்டியன் கதையை விடுங்கள் தம்பி, எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள்.

1868இல் லண்டன் பிரிவி கவுன்சில் (அந்நாளில் இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றம்) தீர்ப்பளித்த 'மதுரை கலெக்டர் எதிர் முத்துராமலிங்க சேதுபதி' வழக்கை எடுங்கள். ராமநாதபுரம் அப்போது மதுரை ஜில்லாவில் இருந்தது, அதனால்தான் கலெக்டர் பெயர். ராமநாதபுரம் ஜமீன்தார் தத்தெடுக்க அனுமதி தராமலே இறந்துவிட, அவர் மனைவியான ராணி பங்காளிகள் சம்மதத்தோடு முத்துராமலிங்கரைத் தத்தெடுத்தார். தத்து செல்லாது என்றால் ஜமீன் சர்க்காருக்குப் போய்விடும். கலெக்டர் ஏன் விடாமல் வழக்காடினார் என்று புரிகிறதா!

தத்து செல்லும் என்றார்கள் நீதிபதிகள். தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம், ஏட்டில் எழுதிய சாஸ்திரத்தை விட வலுவானது என்பது அவர்கள் வைத்த விதி. உங்கள் பேச்சுக்கு இந்த ஒரு வரி போதும். சட்டசபை எதுவும் இயற்றாமலே, தென்னாட்டு விதவைகள் பங்காளிகள் சம்மதத்தோடு தத்தெடுக்கலாம் என்பது சட்டமாக நின்றது. 1956 தத்துச் சட்டம் வந்தபின் அந்தச் சம்மதமும் தேவையில்லை.

அப்புறம், உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2004இல்தான் வந்தது. அதை இந்த வழக்கோடு குழப்பிவிடாதீர்கள்.